நாலாவது ஆள்

பிப்ரவரி 27

ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். குடித்த தண்ணீர், போன சிறுநீர், அடித்த காய்ச்சல், எல்லாவற்றையும் மணி போட்டு எழுத வேண்டுமாம். "நீங்க எழுதுவீங்களா, இல்ல உங்க பொண்ணு எழுதுமா?" என்று நர்ஸம்மா கேட்டார். பத்தாம் வகுப்பில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் பாஸான ஆளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது. நோட்டை வாங்கிக்கொண்டேன். முன்பக்கம் அவர்களுக்கு. தலைகீழாகத் திருப்பினால் வருகிற பின்பக்கம் எனக்கு.

என் பெயர் சீனிராஜ். அருப்புக்கோட்டையில் மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம். ஆட்டோவில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடை விளம்பரமும் நானே சொல்வேன். ஊரில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும். முகத்தைப் பார்த்தவர்கள் குரலே போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மகன் ஜெயசீலனுக்கு இருபத்தொன்பது வயது. எட்டு வருஷமாக அவன் காதுக்குள் ஆட்கள் பேசுகிறார்கள். மனச்சிதைவு என்று பெயர். எதற்கும் அடங்காததால் ஒரு பெரிய மாத்திரை கொடுத்தார்கள். அது சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்பதால் மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த ஒரு மாதத்தில்தான் ரத்தப் புற்றுநோய் தெரிந்தது. பெரிய மாத்திரையை நிறுத்திவிட்டுச் சின்னதாக வேறொன்று கொடுத்தார்கள். மதுரையில் இரண்டு ரவுண்டு கீமோ. தங்கை மேகலாவின் மஜ்ஜை அண்ணனுக்குப் பொருந்துகிறது என்று ரிப்போர்ட் வந்ததும் வேலூருக்கு வந்துவிட்டோம். நான், என் மனைவி பேச்சியம்மாள், பிள்ளைகள் இரண்டு பேர். லாட்ஜில் ஒரே அறை, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு குக்கர்.

வங்காளிகள் நிறைய வருகிற ஆஸ்பத்திரி, தெருவில் பாதி போர்டு வங்காள மொழியில் இருக்கிறது. சலவைக்கடை என்று நினைத்து ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குள் அழுக்கு வேட்டியோடு போய் வரிசையில் நின்றேன். டோக்கன்கூடக் கொடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 28

இரண்டு டாக்டர்களைப் பார்த்தோம். ரத்த டாக்டர் ஓட்டமும் நடையுமாக இருப்பவர். மனநல டாக்டர் பெயர் மெர்சி. இந்த அம்மா அவசரப்படவில்லை. சீலனிடம் நேராகப் பேசினார்.

"எத்தனை பேர் பேசுறாங்க, ஜெயசீலன்?"

"நாலு பேர். ரெண்டு ஆம்பளைங்க என்னைப் பத்தி அவங்களுக்குள்ள பேசுவாங்க. ஒரு பொம்பளை சிரிக்கும். நாலாவது ஆள் நல்லவர். சாப்பிடச் சொல்வாரு, மாத்திரை போடச் சொல்வாரு. மூணு வருஷமாத்தான் அவரு. மதுரைக்குக் கிளம்புனதுல இருந்து வரல. ஊர்லயே தங்கிட்டாரு."

எனக்கு இருமல் வந்தது. வெளியே போய் இருமிவிட்டு வந்தேன்.

டாக்டர் மெர்சி, வீட்டில் யாருக்காவது தோல் வெளுக்கிற நோய், தைராய்டு உண்டா என்றார். பேச்சிக்குக் கையில் வெண்புள்ளி இருக்கிறது, காட்டினாள். "உடம்புக்குள்ள ஒரு காவல் படை இருக்குங்கம்மா. கிருமியை அடிக்கிறது அதோட வேலை. உங்க கையில அது தன் தோலையே அடிக்குது. மனச்சிதைவு உள்ள சில பேருக்கு, எல்லாருக்கும் இல்ல, இதே படை மூளையைத் தொந்தரவு பண்ணுதோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது. இப்ப ஜெயசீலனுக்குப் பழைய படையை மொத்தமா அழிச்சிட்டுத் தங்கச்சியோட படையை வைக்கப் போறாங்க. புற்றுநோய்க்காகத்தான் பண்றோம். ஆனா குரல்கள் என்ன ஆகுதுன்னும் பாக்கணும். நான் எந்த வாக்கும் கொடுக்கல."

எனக்குப் புரிந்தது. மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் ஊளையிடுமே, அதுதான். வெளியிலிருந்து யாரும் கத்துவதில்லை. தன் சத்தத்தைத் தானே கேட்டு அலறுகிறது. சொன்னேன். அந்த அம்மா தன் நோட்டில் அதை எழுதிக்கொண்டார். இந்த ஊரில் என் மானத்தைக் காப்பாற்றிய ஒரே சம்பவம்.

கடைசியில் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது. குரல்கள் போகாவிட்டால் பெரிய மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருக்கும். "அதைக் கொடுத்தா புது ரத்தம் தாங்குமான்னு எனக்கு உத்தரவாதம் இல்ல" என்றார் ரத்த டாக்டர், கதவைப் பிடித்துக்கொண்டே.

மார்ச் 4

சீலனைத் தனி அறையில் வைத்தாயிற்று. துணைக்குப் பேச்சி மட்டும் உள்ளே. எனக்கும் மேகலாவுக்கும் கண்ணாடி ஜன்னலும் ஒரு இன்டர்காம் போனும். மட்டமான இன்டர்காம். ஊருக்குக் கூட்டிப்போனால் அரை மணி நேரத்தில் சரிசெய்து கொடுப்பேன்.

மார்ச் 8

மேகலாவுக்கு ஊசி போடுகிறார்கள். மஜ்ஜையிலிருந்து அணுக்கள் ரத்தத்துக்கு இறங்கி வர வேண்டுமாம். இடுப்பு வலி. "அப்பா, பிரசவம் ஆகுறதுக்கு முன்னாடியே பிரசவ வலி" என்கிறாள். புடலங்காய்க் கூட்டு. உப்பு போட மறந்தேன்.

மார்ச் 11

மாற்றுகிற நாள். நான் என்னவோ ஆபரேஷன் தியேட்டர், சிவப்பு விளக்கு என்று எதிர்பார்த்தேன். மேகலா நாலு மணி நேரம் ஒரு மெஷினோடு படுத்திருந்தாள். ஒரு பை நிறைந்தது. தக்காளிச் சாறு மாதிரி இருந்தது. அதை அண்ணன் படுக்கைக்கு மேலே தொங்கவிட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அவ்வளவுதான். பேச்சி உள்ளேயிருந்து கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். யாரை என்று தெரியவில்லை, பையை என்று நினைக்கிறேன்.

மார்ச் 12

வாந்தி. ஆறு தடவை. முன்பக்கத்தில் எழுதிவிட்டேன்.

மார்ச் 18

வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. வெள்ளை அணு எண்ணிக்கை பூஜ்யம் என்றார் நர்ஸம்மா. "இப்ப இவருக்குன்னு காவலே கிடையாதுங்க. பழசு போச்சு, புதுசு இன்னும் வரல."

சாயங்காலம் சீலன் தானாக இன்டர்காமை எடுத்தான். எட்டு வருஷத்தில் அவனாக என்னைக் கூப்பிட்டது எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணலாம்.

"அப்பா, அந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க."

"எங்கடா போனாங்க?"

"தெரியல. பேசிக்கிட்டே இருந்தாங்க. 'அவன் நாளைக்கு'ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். அதோட நின்னுடுச்சு. நானும் மத்தியானத்துல இருந்து காத்துக்கிட்டிருக்கேன். மீதியச் சொல்லவே இல்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். கரண்ட் போன வீட்டில் ஃபேன் எப்போது சுற்றும் என்று பார்க்கிற மாதிரி.

மார்ச் 27

எண்ணிக்கை ஏறுகிறது! மேகலாவின் அணுக்கள் பிடித்துக்கொண்டன. இனி மெல்ல மெல்ல ரத்த குரூப்பே மாறிவிடுமாம். "இனிமே அவன் எனக்குத் தம்பி" என்கிறாள் மேகலா.

அந்தச் சிரிக்கிற பொம்பளையும் போய்விட்டதாம். நேற்று ஒரு தடவை, பக்கத்து அறையில் யாரோ சிரித்த மாதிரிக் கேட்டதாம். அப்புறம் இல்லை. மூன்று பேரும் காலி. முன்பக்கத்தில் 'குரல்' என்று கட்டம் போட்டு முட்டை வரைந்தேன். மார்க் ஷீட்டில் முட்டையைப் பார்த்து நான் சந்தோஷப்படுவது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 1

சீலன் அவன் அம்மாவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் இன்டர்காமை எடுத்து, "அம்மாவுக்கு எப்பப்பா இவ்வளவு நரைச்சுது?" என்றான்.

 முட்டாள்கள் தினம் என்று ஜோக் அடிக்கப் பார்த்தேன். வரவில்லை. கைகாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஏப்ரல் 9

சீலனை லாட்ஜுக்கு அழைத்து வந்துவிட்டோம். எல்லாச் சாப்பாடும் குக்கரில் வேக வேண்டும். தண்ணீர் கொதிக்க வேண்டும். புது ரத்தம் பழைய உடம்போடு சண்டை போடாமலிருக்க ஒரு கேப்சூல். திறந்தால் அறையே நாறுகிறது.

வருவதற்கு முன் டாக்டர் மெர்சி கேட்டார்: "இப்ப எத்தனை பேர்?"

நான் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். பூஜ்யம் என்று சொல்லப் போகிறான் என்று தெரியுமே.

"ஒருத்தர்" என்றான் சீலன். "நாலாவது ஆள். ஆஸ்பத்திரி ரூமுக்கே வந்துட்டாரு. எண்ணிக்கை பூஜ்யமா இருந்தப்ப வந்தாரு."

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன்.

"என்ன சொல்றார்?"

"'சாப்பிடு சீலா'ங்கிறாரு. அப்ப வாய்ப் புண்ணோட எப்படிச் சாப்பிட?"

நல்லது பேசுகிற குரலும் குரல்தான் என்றார் டாக்டர். ஏப்ரல் 21 வரை பொறுத்துப் பார்க்கலாம், அன்றைக்கும் இருந்தால் பெரிய மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பிக்க வேண்டும் என்றார். ரத்த டாக்டர் போனிலேயே சத்தம் போட்டார். பன்னிரண்டு நாள் இருக்கிறது.

ஏப்ரல் 10

காலையில் எல்லோரும் தூங்குகிறபோது எழுதுகிறேன். எழுதிவிட்டு இந்தத் தாளைக் கிழித்துவிடலாம்.

நாலாவது ஆள் நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் சீலன் பதினோரு நாள் மாத்திரை போடவில்லை. சாப்பாட்டில் விஷம் என்று அந்த இரண்டு பேர் சொன்னார்களாம். பன்னிரண்டாம் நாள் காலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற பாழுங்கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றான். ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தேன். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் சொல்லி எதையும் கேட்க மாட்டான். அவர்கள் சொன்னால் கேட்பான். சரி, அவர்களில் ஒருத்தனாக ஆகிவிடலாம் என்று தோன்றியது. மைக் செட்காரன் புத்தி. அவன் அறைப் பரணில், பழைய பாய்க்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கர் வைத்தேன். வயரைச் சுவர் ஓட்டை வழியாகப் பக்கத்திலிருக்கிற என் கடைக்கு இழுத்தேன். ஜவுளிக்கடைக் குரல் வேண்டாம் என்று தாழ்ந்த குரலில், மெதுவாக, "சீலா, சாப்பிடு. இதுல ஒண்ணும் இல்ல" என்றேன்.

சாப்பிட்டான். தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. தினமும் காலையில், மத்தியானம், விளக்கு வைக்கும்போது. குளிக்கச் சொன்னேன். மாத்திரை போடச் சொன்னேன். அம்மாவை அடிக்காதே என்றேன். ஊருக்கே தெரிந்த குரல், வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டிசம்பரில் மதுரைக்குப் போனதிலிருந்து நான் பேசவில்லை. வயர் அருப்புக்கோட்டையில் இருக்கிறது. ஸ்பீக்கர் அருப்புக்கோட்டையில் இருக்கிறது.

அப்படியானால் அந்தக் கண்ணாடி அறைக்குள் அவனோடு பேசியது யார்?

ஏப்ரல் 11

தாளைக் கிழிக்கவில்லை. பின்னால் காய்ச்சல் கணக்கு இருக்கிறது.

ஏப்ரல் 12

சொல்லிவிட்டேன். நாலாவது ஆள் அப்பாதான் என்று தெரிந்தால் இவனுக்குக் கேட்பதும் நின்றுவிடும், டாக்டரிடம் பூஜ்யம் என்று சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. எனக்கும் கணக்குக்கும் ஆகாது என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

பேச்சியும் மேகலாவும் மார்க்கெட் போயிருந்தார்கள். சீலன் மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். பரண், பாய், வயர், எல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

"தெரியும்ப்பா" என்றான்.

"எது தெரியும்?"

"மொத நாளே தெரியும். நீங்க பேசுறதுக்கு முன்னாடி ஆம்ப்ளிஃபயர் போடுவீங்கள்ல, ம்ம்ம்னு ஒரு ஹம் வரும். அது வந்து ரெண்டு நிமிஷம் கழிச்சு நீங்க பேசுவீங்க. மத்த மூணு பேருக்கும் ஹம் கிடையாது." கொஞ்சம் சிரித்தான். "எர்த் சரியில்லப்பா உங்க செட்டுல. நான் மைக் செட்காரன் மகன்தானே."

"அப்ப எதுக்குடா டாக்டர்கிட்ட நாலு பேர்னு சொன்ன?"

"மூணு பேர்னு சொன்னா ஊருக்குத் திரும்புனதும் நீங்க பேச மாட்டீங்கள்ல. அந்த மூணு பேர் கத்துறப்ப, எங்கயாச்சும் ஹம் கேக்குதான்னுதான் காதைத் தீட்டிக்கிட்டிருப்பேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க இருக்கீங்கன்னு தெரியும்ல."

 மூன்று வருஷமாக நான் நடித்தேன் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் மகன்தான் என்னைவிடப் பெரிய நடிகன்.

"அப்ப இப்பக் கேக்குறது?"

சிரிப்பு போய்விட்டது. கழுத்தைச் சாய்த்தான்.

"அதாம்ப்பா பயமா இருக்கு. அதே குரல். அச்சு அசல் நீங்கதான். ஆனா ஹம் இல்ல."

ஏப்ரல் 13

காய்ச்சல் 99. போன் செய்தேன். கவனிக்கச் சொன்னார்கள். பீர்க்கங்காய்.

ஏப்ரல் 15

கஞ்சியை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் போனேன். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆறட்டும்ப்பா. சூடா இருக்கு."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"'ஆறிடப் போகுது, குடி'ன்னு சொல்ல வந்தீங்க. அவரு முன்னாடியே சொல்லிட்டாரு."

அதைத்தான் சொல்ல வந்தேன்.

பத்து மணிக்கு, 'மாத்திரை' என்று நான் ஆரம்பிக்குமுன் கையை நீட்டினான். பன்னிரண்டு மணிக்கு, 'கொஞ்சம் படு' என்று நான் நினைக்கும்போதே படுத்துவிட்டான். நான் பேசினால் நாலாவது ஆளுக்கு எதிரொலி மாதிரி இருக்கிறது. என் வாயில் என் வார்த்தை பழசாகி வருகிறது. ஒரு தடவை வேண்டுமென்றே, "மாட்டுச் சந்தைக்குப் போலாமா?" என்று கேட்டேன். சீலன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"அது அவருக்குத் தெரியலப்பா" என்றான், ஏதோ கண்டுபிடித்த மாதிரி. "நீங்க வழக்கமாச் சொல்றது மட்டுந்தான் அவருக்குத் தெரியும்."

உட்கார்ந்து யோசித்தேன். எட்டு வருஷமாக நான் இவனிடம் என்ன பேசியிருக்கிறேன்? சாப்பிடு. மாத்திரை போடு. குளி. படு. நாலு வாக்கியம். வாடகைக்கு ஊர் முழுக்கக் கத்துகிறவன் சொந்த மகனுக்குக் கொடுத்த பாக்கேஜ் இவ்வளவுதான். இதை மனப்பாடம் செய்ய நாலாவது ஆளுக்கு என்ன கஷ்டம்.

ஏப்ரல் 16

இன்று வழக்கமில்லாததாகப் பேசினேன். கலெக்டர் வந்த கூட்டத்தில் மைக் ஷாக் அடித்து அவர் குதித்தது. பேச்சியைப் பெண் பார்க்கப் போய், பெண் என்று நினைத்து அவள் சித்திக்கு வணக்கம் வைத்தது. சீலன் மாஸ்க்குக்குள் சிரித்தான். பேச்சி, "இவ்வளவு நாளா இதெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?" என்றாள். நான் பேசுகிற வரை நாலாவது ஆள் சும்மா இருக்கிறாராம். வெற்றி.

ஏப்ரல் 17

வெற்றி இல்லை. காலையில் சீலன் சொன்னான்: "கலெக்டர் கதையை இப்ப அவரு சொல்லிக்கிட்டிருக்காரு. நீங்க நிறுத்தி நிறுத்திச் சொன்ன மாதிரியே."

கற்றுக்கொள்கிறார்.

ஏப்ரல் 18

ரத்தம் எடுக்கப் போனோம். மேகலா, "அண்ணனுக்கு என்னப்பா, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது.

ஏப்ரல் 19

இதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மத்தியானம். பேச்சியும் மேகலாவும் கீழே துணி காயப்போடப் போயிருந்தார்கள். சீலன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்ன சொல்றாரு?"

"கிணத்தைப் பத்திப் பேசுறாரு."

என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"'அன்னிக்கு உன்னைப் பாத்ததும் ஓடி வந்தேன்டா சீலா. ஒரு நொடி நிக்கல. எப்பக் கூப்பிட்டாலும் வருவேன். இன்னொரு தடவை ஏறிப் பாரு, வருவேன்'ங்கிறாரு. உங்க குரல்தான்ப்பா. ரொம்ப அன்பாச் சொல்றாரு."

இந்த லாட்ஜில் மூன்று மாடி. அறை ஜன்னலுக்குக் கம்பி உண்டு என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு உண்டா என்று நினைவில்லை.

ஒரு நொடி நிற்கவில்லை என்பது நான் எல்லோரிடமும் சொன்னது. பேச்சியிடம், டாக்டர்களிடம், டீக்கடையில், இந்த நோட்டில். அவர் அதை என்னிடமிருந்துதான் எடுத்திருக்கிறார்.

"அவர் சொல்றது பொய்" என்றேன்.

சீலன் திரும்பினான்.

"நான் உடனே ஓடி வரல. கடைப் பின்வாசல்ல நின்னு உன்னைப் பாத்தேன். நீ கைப்பிடிச் சுவத்துல நின்ன. எனக்கும் உனக்கும் நாப்பது அடிதான் இருக்கும். நின்னேன். பதினோரு நாள் தூக்கமில்ல. உங்கம்மா உதட்டுல நீ அடிச்ச காயம். நின்னு, விழுந்துட்டா விழட்டும்னு நெனச்சேன். விழுந்துட்டா எல்லாருக்கும் நல்லதுன்னு நெனச்சேன். எவ்வளவு நேரம்னு தெரியல. ஒரு நிமிஷம் இருக்கும்."

மைக் பிடித்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. என் குரல் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மெலிந்து, நடுங்கி, யாரோ மாதிரி இருந்தது.

சீலன் தலையைச் சாய்த்தான். ரொம்ப நேரம் சாய்த்தபடி இருந்தான். கீழே துணி உதறும் சத்தம் கேட்டது.

"நிறுத்திட்டாரு" என்றான். "நடுவுல நிறுத்திட்டாரு. 'ஓடி'ன்னாரு, அதோட இல்ல."

கீழே வைத்த டம்ளரை எடுத்தேன்.

"அப்பா."

"ம்."

"அன்னிக்கு அந்த மூணு பேரும் இதைத்தான் சொன்னாங்க. சுவத்துல நிக்குறப்ப. 'உங்கப்பன் பின்னால நிக்கிறான். விழட்டும்னு பாத்துக்கிட்டிருக்கான்'னு சொல்லி அந்தப் பொம்பளை சிரிச்சுது. நான் நம்பல. அவங்க சொன்னதுலயே இது ஒண்ணுதான் பொய்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

ஏப்ரல் 20

காய்ச்சல் இல்லை. இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால். சீலன் என்னிடம் பேசவில்லை. தலையையும் சாய்க்கவில்லை. நானும் 'சாப்பிடு' என்று சொல்லவில்லை. அவனாகச் சாப்பிட்டான்.

ஏப்ரல் 21

காலை ஒன்பது மணிக்கு டாக்டர் மெர்சி அறை. உள்ளே போகுமுன் சீலன் கேட்டான்: "என்ன சொல்லட்டும்?"

இவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று வருஷம் பரண் வழியாகச் சொன்னவன் நான். "உனக்குக் கேக்குறதைச் சொல்லு" என்றேன்.

"எத்தனை பேர்?"

"யாரும் இல்ல டாக்டர். நேத்தும் இல்ல. இன்னிக்கும் இல்ல."

நேராகப் பார்த்துச் சொன்னான். பிறகு ஸ்பீக்கர் கதையையும், ஹம்மையும், ஹம் இல்லாமல் வந்ததையும் அவனே சொன்னான். கிணற்றுச் சுவரில் ஏறி நின்றதைச் சொன்னான், நான் நின்றதைச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பா, உங்களை நான் என்ன பண்றது? குரல் கேக்குற பிள்ளைக்கு இன்னொரு குரலை நீங்களே செஞ்சு கொடுத்திருக்கீங்க. அவரு புரிஞ்சுக்கிட்டார், உங்க அதிர்ஷ்டம். இனிமே நேர்ல பேசுங்க."

ரெண்டு நாள் அமைதியை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன், வாராவாரம் வர வேண்டும் என்றார். ஆனால் பெரிய மாத்திரை இப்போதைக்கு இல்லை. சின்ன மாத்திரை மட்டும். புதுக் காவல் படையால்தான் அமைதியா, வேறெதனாலுமா என்று கேட்டேன். "தெரியல. எனக்கும் தெரிஞ்சுக்கணும்" என்றார். ரத்த டாக்டரின் ரிப்போர்ட்டில் சீலனின் ரத்தம் மொத்தமும் தங்கையுடையதாகிவிட்டது. பெண் ரத்தம் என்றே வந்திருக்கிறது. மேகலா அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

பேச்சியும் அவளும் மருந்து வாங்க வரிசையில் நின்றார்கள். நானும் சீலனும் வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் என்னை விட்டுத் தள்ளித்தான் உட்கார்ந்தான். நியாயம்தான் என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாமா என்றும் நினைத்தேன்.

"அப்பா, ரொம்ப அமைதியா இருக்கு."

"நல்லதுதானே."

"நல்லது இல்ல. எட்டு வருஷம் கழிச்சு உள்ள ஒருத்தருமே இல்ல. நான் மூச்சு விடுறது எனக்கே கேக்குது. பயமா இருக்கு. ஏதாச்சும் பேசுங்க."

"என்னத்தடா பேச?"

கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"நீங்க நின்னீங்கன்னு சொன்னாங்க. அதோட விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் நீங்க எப்படி வந்தீங்கன்னு அவங்க யாருமே சொல்லல. நாலாவது ஆளும் சரியாச் சொல்லல. அதைச் சொல்லுங்க."

தொண்டையைச் செருமினேன். மெதுவாகத்தான் குரல் வந்தது.

"உன் வலது கால் லேசா வழுக்குச்சு" என்றேன். "அப்பத்தான் என் கால் நகர்ந்துச்சு. செருப்பு ரெண்டும் கருவேல முள்ளுல மாட்டிக்கிச்சு. விட்டுட்டு ஓடி வந்தேன்."

சீலன் பெஞ்சில் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அப்புறம்?" என்றான்.